கரிக்குழாய்ச் சுடரில் எனக்குள்ள பாதிப் பங்கு

அனுப்புநர்:
மூன்றாம் உலை இயக்குபவரின் மூத்த மகன் (வயது 16),
ஊழியர் குடியிருப்பு, இரண்டாம் மாடி.

பெறுநர்:
பொது மேலாளர் அவர்கள்,
நிலக்கரி எரிபொருள் ஆலை.

பொருள்: கண்காட்சிப் பரிசான உலைக்கூட அனுமதிச் சீட்டைத் தங்கையிடமிருந்து எனக்கு மாற்றித் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

நேற்று மாலை ஆறு மணி முதல் அப்பாவின் சாய்வு நாற்காலி என் தங்கை வசம் ஒப்படைக்கப்பட்டுவிட்டது என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். பதினாறு ஆண்டுகளில் நான் அதில் இரண்டு முறை உட்கார்ந்தேன். இரண்டு முறையும் எழுப்பப்பட்டேன்.

1. காரணம் தாங்கள் அறிந்ததே. ஊழியர் பிள்ளைகளுக்கான கண்காட்சியில், பால்மாவு டப்பாவில் நிலக்கரித் தூளை அடைத்துச் சூடாக்கி, மூடியில் செருகிய குழாயின் நுனியில் வந்த வாயுவைப் பற்றவைத்துக் காட்டினாள். ஒரு நாள் முழுக்க அப்பாவுடன் உலைக்கூடத்தில் இருக்கும் சீட்டைத் தாங்களே கொடுத்தீர்கள். ஒரே ஒரு சீட்டு.

2. அந்த உலையைக் காட்டச் சொல்லி ஆறாம் வகுப்பிலிருந்து நச்சரிப்பவன் நான். "சின்னப் பசங்களுக்கு அங்க என்னடா வேலை?" என்பார் அப்பா. இப்போது பதிமூன்று வயதுக்காரிக்குத் தலைக்கவசம் அளவு பார்க்கிறார். "கல்லு மாதிரி கரிய எப்படி லேசான எண்ணெயாக்குறோம்னு எம் பொண்ணு எவ்ளோ அழகாச் சொல்றா பாருங்க" என்று எதிர்வீட்டு வெல்டர் மாமாவிடம் பெருமை வேறு. எனக்கு எரிகிற வயிற்றிலிருந்து வாயு எடுத்தால் தங்கள் ஆலைக்கு ஒரு வாரம் தாங்கும்.

3. உண்மையில், கண்காட்சிக்கு முந்தைய மூன்று நாளும் அவளுக்குச் சுடரே வரவில்லை. மூடி இடுக்கில் வாயு கசிந்துபோனது. குழாய் பெருமூச்சுகூட விடவில்லை. கண்காட்சிக்கு முன்தினம் அவள் கரி நிரப்பி வைத்திருந்த டப்பாவின் மூடியைச் சுற்றிக் களிமண் பூசி அடைத்தவன் நான். யாரும் சொல்லித்தரவில்லை, சொந்த மூளை. ஆகவே சுடரில் பாதி எனது. சீட்டு முழுவதும் எனது.

மனுவின் முடிவில் 'மேற்கண்டவை யாவும் உண்மை' என்று உறுதி எழுத வேண்டுமாம். அங்கே பேனா நின்றுவிட்டது, ஐயா.

களிமண் பூசியது வாயுவை அடக்க அல்ல. உள்ளே இருக்கும் கரியைக் காட்ட மூடியைத் திறக்க முடியாமல் அவள் தங்கள் முன் திண்டாட வேண்டும் என்றுதான். காலையில் பார்த்தவள், "நீயாடா அண்ணா பூசின?" என்று கட்டிக்கொண்டாள். ஆமாம் என்றேன்.

சீட்டு அவளிடமே இருக்கட்டும். இந்த மனு மூன்றாம் உலைப் பக்கம் போகாமல் மட்டும் தயவுசெய்து நடவடிக்கை எடுக்கவும்.

நாள்: கண்காட்சிக்கு மறுநாள்
இடம்: மொட்டை மாடி

இப்படிக்கு,
களிமண் பூசியவன்