துணி போர்த்திய கண்ணாடிப் பெட்டி

கை கழுவும் மருந்தின் வாடை இன்னும் விரல்களில் இருக்கிறது. பட்டர்வொர்த்துக்குத் திரும்பிய ஃபெர்ரிப் படகில் அடித்த கடல் காற்றிலும் போகவில்லை. நீ வேலை முடிந்து வரும்போது உன் மேல் இருக்குமே, அதே வாடை.

நம் மகளுக்குப் பெண் குழந்தை. நாள் நிறையும் முன்பே பிறந்துவிட்டாள். இன்குபேட்டர் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். எனக்குச் சந்தோஷமா, பயமா என்றே தெரியவில்லை. உன்னை எரித்துவிட்டு வந்த நாளிலிருந்து எதுவும் உள்ளே போய்ச் சேர்வதில்லை.

வார்டில் விளக்கு மங்கலாக இருந்தது. பெட்டியின் மேல் கனத்த துணி போர்த்தியிருந்தார்கள். "பிள்ளை எப்படிம்மா இருக்கு?" என்று நான் மகளைக் கேட்டதும் ஓர் இளம் நர்ஸ் விரைந்து வந்தாள்.

"அங்கிள், மெதுவாலா. பாப்பா தூங்குது. தூங்குறப்பதான் மூளை வளரும்."

"யாரும்மா சொன்னா?"

"தெரியல அங்கிள். நான் வேலைக்கு வந்ததுல இருந்தே இங்க இப்படித்தான்."

நீ சத்தம் அளக்கும் கருவியோடு அதே வார்டில் நின்ற காலம் எனக்குத் தெரியும். மூளையை ஆராய்கிறவளுக்கு இங்கே என்ன வேலை என்றார்கள். வார்டு இயந்திரங்களின் அலாரம் அலறும்போதெல்லாம் குறைமாதக் குழந்தைகளின் தூக்கம் கலைவதையும், மூளையின் அலைகள் மாறுவதையும் வருடக்கணக்கில் பதிவு செய்தாய். மூத்த டாக்டர் ஒருவர் சிரித்தார்: "இத்துனூண்டு பேபிக்கு என்ன தெரியும்லா?" அன்று நீ சோற்றைத் தொடவில்லை. "அதுக்குத் தெரியாதுங்க. அதோட மூளைக்குத் தெரியும்," என்றாய். மறுநாளும் போனாய். கடைசியில் அலாரத்தைக் குறைக்கவும் பெட்டிக்குத் துணி போர்த்தவும் சொன்னவர் அந்த டாக்டர்தான். பிறகு எந்தெந்த நாட்டு ஆஸ்பத்திரிகளிலிருந்தோ உன்னிடம் விளக்கம் கேட்டு எழுதினார்கள். நீ போனதும் அவர்கள் அனுப்பிய இரங்கல்களை எல்லாம் படித்தேன். வேறு யாரையோ பற்றிப் படிப்பதுபோல் இருந்தது.

மகள் நர்ஸிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் வேண்டாமென்று தலையசைத்தேன்.

வெளியே வந்ததும் கேட்டாள்: "ஏம்ப்பா? அதைக் கண்டுபிடிச்சுச் சொன்னதே எங்கம்மான்னு சொல்லியிருக்கலாம்ல?"

"பாப்பா தூங்குதேம்மா."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அவள் தோளில் கை வைத்தபடி நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை.

பட்டர்வொர்த்துக்குத் திரும்பி வீட்டு வாசலின் இரும்பு கிரில்லைத் திறந்தேன். எந்த இடத்தில் தூக்கித் தள்ளினால் அது கிறீச்சிடாது என்று கைக்குத் தெரியும். செருப்பை ஓசையில்லாமல் கழற்றினேன். கதவை மெல்லச் சாத்தினேன். உள்ளே தூங்குவதற்கு யாரும் இல்லை. ஆனாலும் சத்தம் போட மனம் வரவில்லை.