மணி கட்டிய வெளிச்சம்

ஜனவரி 18, 2025, சனி

சைக்கிள் விளக்கு வந்துவிட்டது. பெட்டியின் மேல் வெளிச்சம் மூவாயிரம் லூமென்ஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. சரிபார்க்க வழியில்லை. மொட்டைமாடிக்குக் கொண்டுபோய் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மேல் அடித்துப் பார்த்தேன். தொட்டி தெரிந்தது, தொட்டிக்கு அருகே பல் துலக்கிக்கொண்டிருந்த தங்கச்சாமியும் தெரிந்தார். "எவன்டா அது?" என்றார். அணைத்துவிட்டுக் குனிந்துகொண்டேன்.

பத்திரிகைக்குச் செய்திகளை அனுப்பி முடிக்க மாலை ஆறரை ஆகிவிடுகிறது. காலையில் தொலைபேசி விடுவதில்லை. மலைச் சைக்கிள் ஓட்ட எனக்கு மிச்சம் இருப்பது இருட்டு மட்டும்தான். ஐம்பத்து நான்கு வயதில் நானாக ஆசைப்பட்டுத் தொடங்கிய ஒரே காரியம் இது.

என் மனைவி மாரீஸ்வரி விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பகல்லயே அந்தக் காட்டுக்குள்ள போக யோசிப்பாக. நீங்க ராத்திரியில, காசு குடுத்து விழப் போறீக."

ஜனவரி 19, ஞாயிறு

விழுந்தேன்.

சாக்கோட்டை சாலையிலிருந்து பிரிந்து, தைலமரக் காட்டைத் தாண்டினால் மேலப்பொட்டல் கண்மாய்க் கரை. கரையிலிருந்து இறங்கும் செம்புரான் என்கிற செந்நிறக் கல்பாறையில் அடுத்தடுத்து ஐந்து வளைவுகள். சுற்றுவட்டாரத்தில் இதைவிட நல்ல பாதை கிடையாது. இரண்டாவது வளைவில் விளக்கு கருவேல முள்ளை வெகு துல்லியமாகக் காட்டியது. பாதையைக் காட்டவில்லை. முழங்கை சிராய்த்துவிட்டது.

கூட வந்த அகல்யா பிசியோதெரபிஸ்ட். நான்கு வருடமாக இரவில் ஓட்டுகிறாள். கையை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அண்ணே, ஹேண்டில் எங்குட்டுத் திரும்புதோ அங்குட்டுத்தான் லைட்டும் திரும்பும். நீங்க திரும்புறதுக்கு முன்னாடியே வளைவைப் பாக்கணும்ல? அதுக்குத் தலையில ஒண்ணு கட்டணும்."

வீட்டில் தீர்ப்பு: "இன்னொரு தடவை ரத்தத்தோட வந்தீகன்னா, சைக்கிள் தேவகோட்டைக்குப் போயிரும். எங்கண்ணன் மகன் அபி கேட்டுக்கிட்டே இருக்கான்."

அவள் சொன்னால் செய்வாள்.

ஜனவரி 23, வியாழன்

ஹெல்மெட்டில் மாட்டுகிற சின்ன விளக்கு வாங்கினேன். நேற்று அதை மட்டும் போட்டுக்கொண்டு தைலமரக் காடு வரை போனேன். ஆச்சரியம் – பள்ளங்களே இல்லை! பிறகுதான் தெரிந்தது, பள்ளங்கள் இருந்த இடத்தில்தான் இருந்தன. வெளிச்சம் என் கண்ணுக்கு மேலேயே இருப்பதால் நிழல் விழுவது எனக்குத் தெரிவதில்லை. நிழல் இல்லாவிட்டால் பள்ளமும் சமதரைபோலத்தான். கைப்பிடி விளக்கு தாழ்வாக இருக்கிறது. அது ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு நிழலை நீட்டிக் காட்டுகிறது.

ஆக, பள்ளத்துக்குக் கீழ் விளக்கு, வளைவுக்கு மேல் விளக்கு. பெட்டியில் போட்டிருந்த எண்ணைப் படித்துக்கொண்டிருந்த நேரம் வீண்.

ஜனவரி 25, சனி

இரண்டையும் போட்டுக்கொண்டு போனேன். ஐந்து வளைவும் இறங்கினேன், கால் ஊன்றாமல்! கீழே போய் நின்று, அகல்யாவைத் தவிர யாருமில்லாத காட்டில் சத்தமாகச் சிரித்தேன்.

குறித்துக்கொள்ள: அகல்யாவுக்குப் பின்னால் போகும்போது தலைவிளக்கைக் குறைக்க வேண்டும். அவள் கிளப்பும் செம்புழுதியில் பட்டு, முகத்துக்கு நேரே சுவர் எழும்பிவிடுகிறது. ஏற்றத்தில் இரண்டையும் குறைத்தால் இறக்கத்துக்கு பேட்டரி மிஞ்சும். எதிரில் ஆள் வந்தால் தலையைத் தாழ்த்த வேண்டும் – மொபெட்டில் வந்தவர் "கண்ணு அவிஞ்சு போகும்யா!" என்றார். நியாயம்தான்.

இன்னொன்று. அகல்யாவின் வண்டி பழசு. மட்கார்டு, செயின், தண்ணீர்ப் புட்டி எல்லாம் சேர்ந்து கடகடவென்று ஒரே சத்தம். என் வண்டி பூனை.

ஜனவரி 28, செவ்வாய்

என்னை முயல் திருடன் என்று பிடித்துவிட்டார்கள்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். அகல்யா இன்று வரவில்லை. கண்மாய்க் கரையில், முன்சக்கரத்துக்குப் பத்தடி முன்னால் ஒரு முயல். தலைவிளக்கு கண்ணில் பட்டதும் அப்படியே உறைந்து நின்றுவிட்டது. பாவமாக இருந்தது. நானும் நின்று, அது போகட்டும் என்று இரண்டு விளக்கையும் அணைத்தேன். புதருக்குள் ஓடுகிற சத்தம் கேட்டது. மறுபடி போட்டபோது எதிரே கம்போடு ஒருவர், அவருக்குப் பின்னால் அரிவாளோடு ஒரு பெண்.

"பையக் காட்டு."

பையில் பஞ்சர் ஒட்டும் சாமானும் கடலை மிட்டாயும்தான் இருந்தன. மிட்டாயை அந்தப் பெண் முகர்ந்து பார்த்தார்.

அவர் செம்மலை, ஆடு வளர்ப்பவர். அந்தப் பெண் அவர் மனைவி கருப்பி. வேட்டைக்கு வருகிறவர்கள் தலையில் விளக்கு கட்டி வருவார்களாம். முயல் உறைந்ததும் அமுக்கிப் பையில் போட்டுவிட்டு விளக்கை அணைப்பார்களாம். முயலுக்கு நான் காட்டிய மரியாதை, தூரத்திலிருந்து பார்த்தவருக்கு அச்சு அசலாக அதுதான்.

"முயலு போனாப் போகுது சார்," என்றார் செம்மலை. "அவனுக கொண்டாற நாயி போன மாசம் பட்டிக்குள்ள பூந்து மூணு குட்டியக் கடிச்சுப் போட்டுருச்சு. லைட்டைப் பாத்தாலே இவளுக்குத் தூக்கம் வரமாட்டேங்குது."

பத்திரிகை அடையாள அட்டையைக் காட்டினேன். கருப்பி அதை விளக்கில் பிடித்துப் பார்த்தார். "பேப்பர்ல இருக்கவுக முயக்கறி திங்க மாட்டாகளாக்கும்?"

இத்தனை வருடத்தில் அந்த அட்டையை யாரும் இப்படிக் குறுக்கு விசாரணை செய்ததில்லை.

கடைசியில் விட்டார்கள். ஒரு நிபந்தனை – தலையில் விளக்கு கட்டிக்கொண்டு இனிக் கரையில் ஏறக் கூடாது.

ஜனவரி 29, புதன்

யோசித்துப் பார்த்தால் இடுக்கில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். தலைவிளக்கோடு போனால் செம்மலை விடமாட்டார். இல்லாமல் போனால் விழுவேன். விழுந்தால் சைக்கிள் அபிக்கு. வேறு பாதை? குன்றக்குடிப் பக்கம் தார்ச்சாலைதான். தார்ச்சாலையில் ஓட்டவா இதை வாங்கினேன்?

பிப்ரவரி 1, சனி

தலைவிளக்கு இல்லாமல் போனேன். ஐந்து வளைவிலும் இறங்கி உருட்டினேன். சைக்கிளை நடைக்குக் கூட்டிப் போய் வந்தது மாதிரி இருந்தது.

பிப்ரவரி 5, புதன்

நான் உருட்டிக்கொண்டு நின்ற இடத்தில் அகல்யா தலைவிளக்கோடு சர்ரென்று இறங்கிப் போனாள். பட்டியிலிருந்து ஒரு குரல் இல்லை, ஒரு கம்பு இல்லை. ஏன்?

"அந்த ஊர்ல யாருக்காவது வைத்தியம் பாத்தியா?" என்று கேட்டேன்.

"அங்க யாரையும் எனக்குத் தெரியவே தெரியாதுண்ணே. ஒங்க மூஞ்சியில ஏதோ இருக்கு போல."

வயிற்றெரிச்சல்தான். வேறு பெயர் வைப்பானேன்?

பிப்ரவரி 8, சனி

ஊகித்துக்கொண்டிருப்பதைவிடக் கேட்டுவிடுவது மேல். பகலிலேயே மேலப்பொட்டல் போனேன். கருப்பி பட்டிக்கு முள் அடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏன் அந்தப் புள்ளைய மட்டும் விடுறீக?"

"எந்தப் புள்ள?"

"தலையில லைட்டு கட்டி, சைக்கிள்ல வருமே."

"அட, அந்தக் கடகட வண்டியா?" கருப்பி சிரித்துவிட்டார். "அது கரை ஏறயிலயே எங்க ஆடெல்லாம் முழிச்சுக்கிரும். வேட்டைக்கு வாரவன் அம்புட்டுச் சத்தம் போட்டா ஒரு முயலாச்சும் நிக்குமா? நீங்கதேன் சத்தமே இல்லாம வாரீக. களவாணி கணக்கா."

செம்மலை தண்ணீர் கொடுத்தார். "சார் வண்டி வெல ஒசந்ததுல்ல? அதேன் சத்தம் வல்ல."

எண்ணெய் போட்டு, துடைத்து, ஒரு முனகல்கூட இல்லாமல் வைத்திருந்தேன். அதுதான் குற்றமாம்!

"நானும் சத்தம் போட்டுக்கிட்டு வந்தா?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "வந்து பாருங்க," என்றார் கருப்பி.

பிப்ரவரி 10, திங்கள்

சந்தையில் ஒரு வெண்கல மணி வாங்கினேன். கடைக்காரர், "எத்தன ஆடு வச்சிருக்கீக?" என்றார். சைக்கிளுக்கு என்று சொன்னேன். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

மணியைக் கைப்பிடியில் கட்டி, இரண்டு விளக்கையும் போட்டுக் கரை ஏறினேன். யாரும் தடுக்கவில்லை. முதல் வளைவு, இரண்டாவது வளைவு – பின்னால் ஏதோ வருகிற சத்தம். திரும்பினேன். தலைவிளக்கில் ஆறு கண்கள் பச்சையாக மின்னின.

செம்மலையின் மூன்று ஆடுகள். முள்வேலியில் ஒரு சந்து கண்டு வந்திருக்கின்றன.

அவரும் பின்னாலேயே ஓடி வந்தார், சிரிப்பும் மூச்சுமாக. "சார்! நீங்க கட்டியிருக்கது முன்னால போற எங்க மூப்பு ஆட்டு மணிச் சத்தம்! நீங்க கூப்புட்டீகன்னு வந்துருச்சுக! மாட்டு மணியாக் கட்டுங்க சார், கும்புட்டுக் கேட்டுக்கிறேன்!"

ஆடுகளை ஓட்டிக்கொண்டு இருவரும் கரை வரை நடந்தோம்; போகிற வழியில் என் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டார். என் விளக்குதான் வழிகாட்டி. என் மணிதான் மேய்ப்பன்.

பிப்ரவரி 15, சனி

மாட்டு மணி. கனம், சத்தமும் தடிப்பு. ஆடுகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஐந்து வளைவும் இறங்கினேன். கண்மாய்க்கு அந்தப் பக்கமிருந்து, "ஏய்ய்! போயிட்டு வாங்க!" என்று கருப்பியின் குரல் வந்தது.

முயல்களும் மணிச் சத்தத்துக்கு முன்கூட்டியே விலகிவிடுகின்றன. அகல்யா வாய்விட்டுச் சிரித்தாள். "மாடு வருதுன்னு நெனச்சேன். பாத்தா அண்ணன்!"

பிப்ரவரி 22, சனி

வீட்டுக்குள் நுழையும்போதே தோசை வாசனை. "எப்படி நேரம் பார்த்து ஊத்துனே?" என்றேன்.

"தெருமுனையில மணிச் சத்தம் கேக்கவும் கல்லைப் போட்டேன். முந்தி வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துக்கிட்டே இருப்பேன்."

அப்படி நடந்துகொண்டிருந்தாள் என்பது எனக்கு இன்றுதான் தெரியும்.

பிப்ரவரி 25, செவ்வாய்

இன்று ஓட்டப் போகவில்லை. நாளை சிவராத்திரி, கோயில் ஏற்பாடுகள் பற்றிய செய்திகள் குவிந்துவிட்டன. எட்டரைக்குச் சாப்பிட உட்கார்ந்தேன். தொலைபேசி. செம்மலை, கிசுகிசுப்பாக.

"சார், எங்க இருக்கீக?"

"வீட்டுல. சாப்புட்டுக்கிட்டு இருக்கேன்."

"தங்கச்சியும் அங்குட்டுத்தானா?"

அகல்யாவைக் கேட்கிறார் என்று புரிந்தது. அவள் மதுரைக்குப் போயிருக்கிறாள், சொன்னேன்.

"அப்பச் சரி. கரைமேல நாலு லைட்டு வருது. மணியும் இல்ல, கடகடப்பும் இல்ல."

வனத்துறை அலுவலரின் எண்ணை அவருக்குக் கொடுத்தேன். நானும் அழைத்துச் சொன்னேன். கையில் தோசை ஆறிப்போயிருந்தது. மாரீஸ்வரி வேறு தோசை வைத்தாள். "உக்காந்து சாப்புடுங்க. இன்னைக்கு நீங்க போகாததுதான் வேலை."

பிப்ரவரி 26, புதன்

வனத்துறையினர் பிடித்துவிட்டார்கள்: நான்கு பேர், இரண்டு நாய்கள், ஒரு வலை. பட்டியில் ஒரு குட்டிக்கும் கீறல் இல்லை. கருப்பி நேற்றுப் படுத்ததும் தூங்கிவிட்டாராம். செம்மலை புகார்போலச் சொன்னார்.

செய்தி அனுப்பிவிட்டேன், பதினோரு வரி. கிராமத்தினர் அளித்த தகவலின் பேரில் பிடிபட்டனர் என்று எழுதினேன். எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று ஆசிரியர் குழுவிலிருந்து கேட்டார்கள். "இருட்டில் வெளிச்சம் தெரிந்ததாம்" என்றேன்.

பொய் இல்லை. ஆனால் மணியைப் பற்றி எழுதவில்லை. எழுதினால் அடுத்த அமாவாசைக்கு வேட்டைக்கு வருகிறவர்களும் ஆளுக்கொன்று கட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள்.