பாதியில் இறக்கிய கை

அன்பு மகள் யேவோனுக்கு,

அப்பா எழுதுவது. ஹாம்பர்க் குளிர் உன்னைப் படுத்தாமல் இருக்க வேண்டும். இங்கே குன்சானில் நானும் அம்மாவும் நலம். உன் பெரியப்பா உன்னிடம் தொலைபேசியில் புலம்பியதற்கு நேர்மாறாக, மிகவும் நலம். முன்னோருக்குப் படையலிடும் சூசோக் பண்டிகையன்று அம்மா அவரை அவமதித்துவிட்டாள், மன்னிப்புக் கேட்கச் சொல் என்றாராம். கேட்கமாட்டாள். ஏன் என்று எழுதுகிறேன்.

பள்ளிச் சமையற்கூடத்தில் எண்ணெய் தீப்பற்றி, அம்மாவோடு வேலை செய்த மல்சுன் இறந்ததிலிருந்து, பொரியும் சத்தம் கேட்டாலே அம்மா உறைந்துவிடுவது உனக்குத் தெரியும். மருத்துவமனையில் அந்த நாளைப் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் ஆலோசகர் அம்மையார் பேச்சுக்கு முன்னால் யோகாவை வைத்தார். பெண்கள் மட்டும்தான், ஆசிரியை யாரையும் தொட்டுத் திருத்துவதில்லை, கதவு திறந்தே இருக்கும். "முடிஞ்சா கையைத் தூக்குங்க, வேண்டாம்னா இறக்கிடுங்க, உங்க இஷ்டம்" என்பாராம். உன் பெரியப்பாவுக்கு ஒரே சிரிப்பு. "உடம்பை நெளிச்சா பயம் போயிடுமாடா? அப்ப என் வீட்டுப் பூனைதான் பெரிய டாக்டர்" என்றார். அம்மா மருத்துவமனையில் கிடந்தபோது எட்டிப் பார்க்காமல் ஒரு பெட்டி பேரிக்காய் அனுப்பிய மனிதருக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும். பல வாரம் அம்மா வகுப்பில் கதவைப் பார்த்தபடி கண் திறந்தே உட்கார்ந்திருந்தாள். ஒருநாள் எல்லோரும் கையைத் தூக்கி நிற்க, இவள் மட்டும் பாதியில் இறக்கிவிட்டாள். வீட்டுக்கு வந்து, "யாரும் ஏன்னு கேக்கலைங்க" என்று பரிசு வாங்கியவள்போல் சொன்னாள். அன்று வகுப்பு முடிந்ததும்தான் ஆலோசகர் அம்மையாரிடம் முதன்முறையாக வாய் திறந்தாளாம். தீப்பற்றிய நாளில் புகை வந்ததுமே வெளியே போகலாம் என்று இவளும் மல்சுனும் கேட்டிருக்கிறார்கள். மேற்பார்வையாளர், "இந்தத் தட்டு முடியட்டும், அப்புறம் போங்க" என்றிருக்கிறார்.

சூசோக்குக்கு முன்னமே அண்ணனிடம் சொல்லிவிட்டேன், இவள் அடுப்புப் பக்கம் வரமாட்டாள், பழம் நறுக்குவாள் என்று. சரி சரி என்றவர், நாங்கள் ஜியோன்ஜுவில் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மாவில் தோய்த்த மீனையும் சட்டியையும் தயாராக வைத்திருந்தார். "மருமக வறுக்காத மீனை அப்பா தொடுவாரா?" என்று செத்துப்போன மனிதரைச் சாட்சிக்கு இழுத்தார். அம்மா உட்கார்ந்தாள். நாலைந்து துண்டு திருப்புவதற்குள், "எழுந்துக்கட்டுமா?" என்றாள். அவர் சொன்னது என்ன தெரியுமா? "இந்தத் தட்டை முடிச்சிட்டு எழுந்திரும்மா." அடுப்பை அணைத்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள். "மாமா, நான் பாதியிலயே எழுந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டாள். வாசல் தாண்டினால் மறுபடி வராதே என்று கத்தினார். நான், "வரலண்ணே. மிச்சத்தை நீங்களே திருப்பிப் போடுங்க, கரண்டி ஆம்பளைக் கையிலயும் நிக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் பின்னாலேயே வந்தேன். தாத்தாவின் வீட்டை மொத்தமாக எடுத்துக்கொண்டவர் தாத்தாவின் மீனையும் பார்த்துக்கொள்ளட்டும்.

நீயும் எங்கள் சார்பில் சமாதானம் பேசிக்கொண்டிருக்காதே. உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு. உன்னை யார் எங்கே உட்கார வைத்தாலும், பிடிக்காவிட்டால் எழுந்து வரும் தைரியம் உனக்கு வாய்க்கட்டும். ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூப்பிட மறக்காதே. எப்படி எழுந்து வந்தாள் என்று கேள். அதைச் சொல்லும்போது அவள் குரல் நடுங்குவதில்லை.

யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போகாத உன் அப்பா,
பியோ கியுசிக்