முழங்காலுக்குக் கீழே கட்டிய பட்டை

அன்பு மகள் பிரவீனாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் சுகம். நீயும் சுகமாயிருப்பாய் என்று எழுதலாம்தான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை போனில் வீடியோவில் பேசும்போது நீ கட்டிலில் காலை நீட்டினாய், முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டியிருந்த துணிப்பட்டையைப் பார்த்துவிட்டேன், அதற்குப் பிறகு அப்படி எழுத மனசு வரவில்லை. போனில் சொன்னால் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

அந்தப் பட்டையை இப்போதே அவிழ்த்துவிடு. புனேவுக்குப் போகும் முன் நீயும் இங்கே ஒரகடம் கம்பெனியில் என் லைனில்தானே நாள் முழுக்க நின்று வேலை பார்த்தாய். கால் நரம்பு சுருட்டிக்கொண்டால் ரத்தம் கீழே இறங்காமல் இருக்க இறுக்கிக் கட்டுவதுதான் நம் லைன் பெண்களின் வழக்கம், நானும் அப்படியே கட்டிக்கொண்டு ஷிப்ட் பார்த்தேன். உன்னிடம் சொல்லவில்லை, கோபித்துக்கொள்ளாதே, போன மாதம் கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து, சொரிந்த இடம் ஆறாமல் போகவும் அப்பா செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். டாக்டரம்மா பட்டைத் தடத்தைப் பார்த்துவிட்டு, ரத்தம் மேல ஏற முடியாமதான் நரம்பு வீங்குது, நீங்க வேற அது கழுத்தை நெரிச்சு வச்சிருக்கீங்களே என்றார்.

தொடையிலிருந்து கிழித்து நரம்பை உருவுவார்கள், மாதக்கணக்கில் படுக்கை, வேலை போய்விடும் என்றுதான் இத்தனை நாள் பயந்து மறைத்தேன். அந்தப் பயம் உனக்கு வேண்டாம் கண்ணு. ஸ்கேனில் கெட்டுப்போன நரம்பைப் பார்த்து, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்து, ஊசித் துளை வழியாக மெல்லிய குழாயை விட்டு லேசர் சூட்டில் உள்ளேயே மூடிவிட்டார்கள். சின்ன நரம்புகளுக்கு நுரை மாதிரி ஒரு மருந்தை ஊசியில் ஏற்றினார்கள். நரம்பையே மூடிட்டா ரத்தம் எங்கம்மா போவும் என்று அப்பா கேட்டார், நல்ல நரம்பு நிறைய இருக்கு, அதுல போகும் என்றார் டாக்டரம்மா. அன்றைக்கே நடந்து வெளியே வந்தேன். கொஞ்ச நாள் தொடை இழுத்தது, தோல் நீலம் பாய்ந்தது, அவ்வளவுதான். இப்போது காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன்பே இறுக்கமான காலுறை போட வேண்டும், அப்பாதான் மாட்டிவிடுகிறார், அதற்குள் அவருக்கு மூச்சு வாங்குகிறது, எனக்குச் சிரிப்பு வருகிறது.

எனக்குச் செய்ததே உனக்கும் ஆகும் என்றில்லை, முதலில் ஸ்கேன் எடுத்து டாக்டரிடம் காட்டு. லீவு கேட்கக் கூச்சப்படாதே. உன் வயதில் என்னை யாரும் கூட்டிப்போகவில்லை, உன்னைக் கூட்டிப்போக நான் பக்கத்தில் இல்லையே.

கர்த்தர் உனக்குத் துணையாயிருப்பார். ஒன்றை மறக்காதே, அடுத்த ஞாயிறு போன் செய்யும்போது முகத்தை அப்புறம் காட்டு, முகத்தில் நீ சிரித்துச் சமாளித்துவிடுவாய். முதலில் உன் காலைக் காட்டு.

உன் அம்மா,
லீதியாள்