இரண்டாம் வாயில் வழியாக ஒரு பெட்டி

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நன்றாக இருக்கிறோம், கோபமாகவும் இருக்கிறோம். நீ, உன் வீட்டுக்காரி, குட்டி மூவரும் சுகம் என்று நம்புகிறேன். குட்டிக்கு முதல் பல் முளைத்த படத்தை அம்மா மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறாள். வருகிறவர் போகிறவர் எல்லாரும் அதைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். உன் அத்தானுக்கு இடுப்புவலி குறைந்திருக்கிறது. ஆனால் பட்டறையில் கம்பி வளைக்கிற நேரம் வந்தால் மட்டும் மறுபடி கூடிவிடுகிறது.

உன் கடிதம் கிடைத்தது. தட்டச்சு செய்து, 'பொருள்: இரண்டாம் வாயில் தொடர்பாக' என்று மேலே போட்டு, அதற்குக் கீழே கோடும் இழுத்திருந்தாய். கூடப் பிறந்த அக்காவுக்குப் பொருள் போட்டு எழுதிய முதல் தம்பி நீயாகத்தான் இருப்பாய். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பாதியிலேயே, "யாருடி இந்த ஆபீசர்?" என்று கேட்டாள். உன் பிள்ளைதான் என்றேன்.

இரண்டாம் வாயிலை மூடுவது ஏறக்குறைய முடிவாகிவிட்டது, எங்கள் வணிகர் சங்கம் முரண்டு பிடிக்காமல் உங்கள் கம்பெனியின் கிடங்கு வழியாகவே சரக்கை அனுப்பலாம், சங்கத் தலைவி என்ற முறையில் மற்றவர்களுக்கு நான்தான் எடுத்துச் சொல்ல வேண்டும், சொன்னால் சங்கத்துக்கு ஏசி போட்ட அறை கிடைக்கும் என்றெல்லாம் எழுதியிருக்கிறாய். அவர்களிடம் சம்பளம் வாங்குகிறவன் அப்படித்தான் எழுத முடியும், அது எனக்குப் புரிகிறது. ஆனால் எனக்கே காது குத்தப் பார்க்காதே.

உங்கள் கிடங்கில் முழுக் கண்டெய்னரைத்தான் தொடுவார்கள். நம் குடைப் பட்டறை ஒரு கண்டெய்னரைத் தனியாக நிரப்ப எவ்வளவு காலம் ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. படிக்கிற காலத்தில் கம்பி வளைத்து வளைத்துத்தான் உனக்கே கம்பி என்று பெயர் வந்தது. சோப்புக்காரருக்கும் பொத்தான்காரம்மாவுக்கும் பொம்மைக்காரருக்கும் இதே கதிதான். அதற்காகத்தானே இந்த ஏற்றுமதி மண்டலத்தில் சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்தோம்? வேலிக்கு உள்ளே செய்த சரக்கையெல்லாம் இரண்டாம் வாயில் வழியாக வெளியே கொண்டு போய், அங்கே நிற்கிற ஒரே கண்டெய்னரில் எல்லாருமாக அடுக்கிக் கப்பலுக்கு அனுப்புகிறோம். நீளமான குடைப் பெட்டிகள் அடியில், பக்கவாட்டில் சோப்பு, சந்துபொந்தில் பொத்தான் மூட்டை. பொம்மை எப்போதும் மேலேதான். நசுங்கினால் பொம்மைக்காரர் அழுதுவிடுவார். அந்த வாயில் போனால் கூட்டுப் பெட்டி போயிற்று. கூட்டுப் பெட்டி போனால் சின்னப் பட்டறை ஒன்றுகூட மிஞ்சாது, நம்முடையது உட்பட. இதற்கு நீ 'தற்காலிகச் சிரமம்' என்று பெயர் வைத்திருக்கிறாய்.

உங்கள் ஆட்களின் கெட்டிக்காரத்தனத்தையும் சொல்ல வேண்டும். ஒரு வாரம் முழுக்கச் சரக்கே போகாத வாயிலை நிர்வாகம் மூடிவிடலாம் என்பது மண்டலத்தின் விதி. அதைப் பிடித்துக்கொண்டு, ஊரில் உள்ள லாரிகளையெல்லாம் ஒப்பந்தம் போட்டு உங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். லாரி வராவிட்டால் சரக்கு போகாது, வாயில் தானாகத் துருப்பிடிக்கும் என்று நினைப்பு.

சங்க அறையில் கூடினோம். எடைமேடைக்கு மேலே இருக்கிற அதே அறைதான். கீழே லாரி ஏறும்போதெல்லாம் டீ கிளாஸ்கள் கிடுகிடுவென்று ஆடுமே, இப்போது ஆடுவதே இல்லை. அந்த ஆடாத கிளாஸ்களைப் பார்த்துக்கொண்டேதான் பேசினோம். மனு கொடுக்கலாம் என்றார் பொம்மைக்காரர். பெரிய கம்பெனியிடமே போய்ப் பேசிப் பார்க்கலாமே என்று சோப்புக்காரர் இழுத்தார். அதுவரை பொத்தான்களை நிறம் பிரித்துக்கொண்டிருந்த பொத்தான்காரம்மா தலையை நிமிர்த்தி, "லாரியில போனாத்தான் சரக்கா? நான் தலையில வச்சுக்கிட்டுப் போனா அதுக்குப் பேரு வேறயா?" என்றாள்.

விதியை எடுத்துப் பார்த்தோம். சரக்கு என்றுதான் இருக்கிறது. எவ்வளவு, எதில் என்று ஒன்றும் இல்லை.

மறுநாள் காலை ஒரே ஒரு அட்டைப்பெட்டியில் குடைகளை அடுக்கித் தூக்கிக்கொண்டு நான் போனேன். வாயிலில் இருக்கும் சுங்க அதிகாரி நாற்காலியை நிழலுக்கு நகர்த்திப் போட்டு அரைத் தூக்கத்தில் இருந்தார். எழுந்து, பெட்டியைப் பிரித்து, குடைகளை எண்ணி, காகிதத்தில் முத்திரை குத்தி, வாயிலின் எல்லையாகத் தரையில் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டைத் தாண்டவிட்டார். அடுத்த நாள் பொத்தான், அதற்கு அடுத்த நாள் பொம்மை. அப்புறம்தான் அவருக்கு விஷயம் உறைத்தது.

"ஏம்மா, இதையெல்லாம் ஒரே நாள்ல கொண்டு வரக் கூடாதா?" என்று கேட்டார்.

"வரலாம் சார். அப்புறம் நாளைக்கு எதைக் கொண்டு வர்றது?" என்றேன்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு முத்திரையைக் குத்தினார். இன்றுவரை ஒரு நாள் தவறவில்லை. தையல்காரப் பெண்கள், பட்டறைக் கணக்கர், இடுப்புவலிக்கார உன் அத்தான் உட்பட, சரக்குப் பாஸ் வைத்திருக்கிற அத்தனை பேரும் முறைவைத்துத் தூக்குகிறோம். யாருடைய முறை என்பதில் சண்டைகூட வருகிறது. வெளியே கண்டெய்னர் மெல்ல மெல்ல நிறைகிறது. உங்கள் ஒப்பந்தத்துக்கு மசியாத கிழட்டு லாரிக்காரர் ஒருவர் இருக்கிறார். வண்டியில் ஹாரன் ஒன்றுதான் ஒழுங்காக வேலை செய்யும் என்பதால் அவருக்கும் ஹாரன் என்றே பெயர். நிறைந்ததும் அவர் வந்து இழுத்துக்கொண்டு போவார்.

ஆகவே, உன் கடிதத்தின் 'பொருள்' தொடர்பாக என் பதில்: முடியாது. ஏசி அறையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்குக் கிளாஸ் ஆடுகிற அறையே போதும்.

குட்டிக்கு என் முத்தம். உன் வீட்டுக்காரியை விசாரித்ததாகச் சொல். அடுத்த முறை கையால் எழுது.

என்றும் உன் நலம் நாடும்,
அக்கா

*

அன்புள்ள தம்பிக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. ஏன் இல்லை என்பது நேற்றுத்தான் தெரிந்தது, அதைப் பிறகு சொல்கிறேன். அம்மாவுக்குச் சளி பிடித்திருக்கிறது, பயப்பட ஒன்றும் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

போன திங்கட்கிழமை சோப்புக்காரரின் முறை. பெரிய கம்பெனியிடம் போகலாம் என்று இழுத்த அதே மனிதர். ஆனால் அவர் முறை வந்ததும் சட்டையெல்லாம் இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து நின்றார். பட்டறையை விட்டுப் புறப்படும்போது கொட்டோ கொட்டென்று மழை. சோப்பு நனைந்தால் நுரைத்துப் போகும் அல்லவா? நம் பட்டறை வாசலில் அடுக்கியிருந்ததில் ஒரு குடையை உருவி, பிரித்துப் பிடித்துக்கொண்டு நடந்தார். பெட்டிக்கு முத்திரை வாங்கினார், கோட்டைத் தாண்டினார், சோப்பை நனையாமல் கண்டெய்னரில் வைத்தார். வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் கையில் இருக்கிற குடை அவருக்கு நினைவு வந்தது.

உனக்கு விளக்க வேண்டியதில்லை. மண்டலத்துக்குள் செய்த பொருள், வரி கட்டாத துணி, வரி கட்டாத கம்பி. காகிதம் இல்லாமல் வேலிக்கு வெளியே வந்துவிட்டால் அது கடத்தல். எந்த ஊரிலாவது மழைக்குக் குடை பிடித்தவனைக் கடத்தல்காரன் என்பார்களா? இங்கே என்பார்கள். உங்கள் கம்பெனி ஆள் எதிரே காருக்குள் உட்கார்ந்து படம் எடுத்திருக்கிறான். சோப்புக்காரர் கப்பலில் ஏறித் தப்பி ஓடுகிறவர் போல அதில் இருக்கிறார்.

அபராதத்தைக் கட்டிவிட்டோம். தப்பு எங்களுடையது, அதில் எனக்கு வாதம் இல்லை. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. இதுவரை இரண்டாம் வாயிலில் சரக்குத் தூக்கிய அனைவரின் பாஸையும் மறுநாளிலிருந்து ஒரு வாரத்துக்கு நிறுத்தி வைத்திருக்கிறது நிர்வாகம். ஒரு வாரம் சரக்கு போகாத வாயிலை மூடலாம், எங்கள் பாஸும் ஒரு வாரத்துக்குச் செல்லாது. பொருத்தம் பார்த்தாயா? வரும் திங்கட்கிழமை மாலை கெடு முடிகிறது. செவ்வாய்க்கிழமை காலைதான் எங்களுக்குப் பாஸ் திரும்பக் கிடைக்கும். யாராவது ஒருவரையாவது தூக்கவிடாமல் மிச்சம் வைத்திருக்கலாம். எல்லாருக்கும் தூக்க ஆசை, எங்களுக்கு அந்தப் புத்தி வரவில்லை.

சோப்புக்காரர் சங்க அறைக்கு வந்து ஒரு மூலையில் நின்றார். தன்னால்தான் எல்லாம் போயிற்று என்று அழுதார். நான் திட்டுவேன் என்று எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். உண்மையில் திட்டத்தான் வாயைத் திறந்தேன். பொத்தான்காரம்மா முந்திக்கொண்டு, "குடை நல்லா இருந்துச்சா? ஒழுகலையே?" என்று கேட்டாள். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒழுகவில்லை என்றார். அந்த அழுகையிலும் அறை முழுக்கச் சிரித்தது. அதற்குப் பிறகு எங்கே திட்டுவது?

திங்கட்கிழமை வாயிலைப் பூட்ட நிர்வாகத்தோடு உங்கள் கம்பெனியிலிருந்தும் ஓர் ஆள் வருகிறார் என்று நேற்று சுங்க அதிகாரி சொன்னார். உன் பெயரைச் சொல்லும்போது என்னைப் பார்க்காமல் முத்திரைக் கட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது தம்பி. வீட்டுக்கு வந்து சட்டியை நங்கென்று வைத்தேன், அத்தானிடம் எரிந்து விழுந்தேன். என்னிடம் நீயே சொல்லியிருக்கலாம். ஒரு போன், ஒரு வரி. அம்மாவிடம் சொல்லாமல் மறைக்கத்தான் பார்த்தேன், அவள் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். "வர்றவன் சாப்பிட்டுட்டு வருவானா, இங்க சாப்பிடுவானா, கேளு" என்றாள். அவ்வளவுதான் அவள் கேட்டது.

இரவெல்லாம் கோபம் தணியவில்லை. காலையில் மேஜை இழுப்பறையைத் திறந்தபோது உன் சரக்குப் பாஸ் கண்ணில் பட்டது. நம் பட்டறை உன் பெயரிலும் என் பெயரிலும் இருக்கிறது. நீ போன பிறகும் ஆண்டுதோறும் சங்கத்தில் பாஸ் புதுப்பிக்கும்போது என்னுடையதோடு உன்னுடையதையும் சேர்த்தே புதுப்பித்து வந்தேன். வெட்டிச் செலவு என்று அத்தான் கேலி செய்வார். என் மனசு கேட்கவில்லை. அதை நீக்கிவிட்டால் நீ திரும்பி வரவே மாட்டாய் என்று ஒரு பயம். அந்தப் பாஸை வைத்து நீ ஒரு நாளும் சரக்குத் தூக்கவில்லை. ஆகவே அதை யாரும் நிறுத்தவும் இல்லை. நம் சங்கத்தில் இரண்டாம் வாயில் வழியாகச் சரக்கு கொண்டு போக உரிமை உள்ள ஒரே ஆள் இன்றைக்கு நீதான்.

விதிப்படி செல்லுமா என்று சுங்க அதிகாரியிடமே கேட்டேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "பேரு இருக்கு, பாஸ் இருக்கு. பெட்டி வந்தா நான் முத்திரை போடாம எப்படிம்மா இருக்க முடியும்?" என்றார்.

பாஸை இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். படத்தில் மீசை அரும்பிய முகத்தோடு முறைத்துக்கொண்டிருக்கிறாய்.

திங்கட்கிழமை வாயிலைப் பூட்டுவதற்கு முன்னால் நீ ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோட்டைத் தாண்டினால் உன் வேலை போகும். தெரிந்துதான் கேட்கிறேன். பெரிய சம்பளம், அந்த வீடு, குட்டியின் பள்ளிக்கூடம் எல்லாம் யோசித்துத்தான் எழுதுகிறேன். உன்னைக் கெஞ்சுகிறேன் என்று நினைத்துவிடாதே. நீ பூட்டிவிட்டுப் போனாலும் நாங்கள் ஓயப் போவதில்லை. செவ்வாய்க்கிழமை காலை பூட்டிய வாயிலுக்கு முன்னால் ஆளுக்கொரு பெட்டியோடு வரிசையாக நிற்போம். புதன்கிழமையும் நிற்போம். திறக்கிற வரை நிர்வாகத்தின் கண்ணில் விரலை விட்டு ஆட்டிக்கொண்டே இருப்போம். அதற்கான தெம்பு எங்களிடம் இருக்கிறது. அந்த வரிசைக்கு எதிர்ப்பக்கம் சாவியோடு நீ நிற்பதைப் பார்க்கிற தெம்புதான் எனக்கு இல்லை.

பெட்டி மஞ்சள் கோட்டுக்கு உள்பக்கம் இருக்கும். உள்ளே ஒரு டஜன் குடை, காகிதமெல்லாம் சரியாக இருக்கிறது, கனமும் இல்லை. நாங்கள் எல்லாரும் வெளியே கண்டெய்னர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்போம். அடியில் குடைக்கு ஒரு பெட்டி இடம் விட்டுத்தான் அடுக்கியிருக்கிறோம். அம்மாவும் வருவேன் என்று அடம்பிடிக்கிறாள்.

நீ எதைச் செய்தாலும் நல்லா இரு. உன் பிள்ளை நல்லா இருக்கட்டும். திங்கட்கிழமையும் மழை இருக்கும் என்கிறார்கள். மழை எவ்வளவு கொட்டினாலும் பெட்டியைப் பிரித்துக் குடையை எடுத்துவிடாதே தம்பி. நனைந்துகொண்டே வா. துவட்ட நான் துண்டு வைத்திருக்கிறேன்.

கோட்டுக்கு இந்தப் பக்கம் காத்திருக்கும்,
உன் அக்கா