தொண்ணூறு துண்டுத் தூக்கம்

மார்ச் 3, செவ்வாய்

பேராசிரியரைக் காணொளியில் ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்த்தே பழகிவிட்டேன். இன்று கை தவறிச் சாதாரண வேகத்தில் ஓடிவிட்டது. மனிதருக்கு உடம்பு சரியில்லையோ என்று கவலையாகிவிட்டது.

கணினி அறிவியலும் செயற்கை நுண்ணறிவும். இணையவழிப் படிப்பு, ஒரு வருடம். சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. விண்ணப்பத்தில் 'சேர விரும்பும் காரணம்' என்ற கட்டத்தில் இருநூறு எழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். 'ஆர்வம்' என்று நான்கே எழுத்தில் முடித்துக்கொண்டேன். உண்மைக் காரணத்துக்கு இருநூறு போதாது. உறக்க ஆய்வகத்தில் பதினாறு வருடமாக நான் செய்யும் வேலையைச் செய்ய ஒரு மென்பொருள் வரப்போகிறது. வரும் ஜனவரியில் வாங்குவதாக டாக்டர் சொல்லிவிட்டார். விழுங்க வருவது எப்படி மெல்லும் என்றாவது தெரிந்துகொள்ளலாமே என்று சேர்ந்தேன்.

இன்றைய பாடம்: கணினி பூஜ்ஜியத்திலிருந்துதான் எண்ணும். அந்தக் கணக்கில் எனக்கு நாற்பத்து மூன்றில்லை, நாற்பத்திரண்டு. படிப்பால் கிடைத்த முதல் லாபம்.

மார்ச் 11, புதன்

என் வேலை என்னவென்று யாராவது கேட்டால், "தூங்குகிறவர்களைப் பார்ப்பது" என்பேன். அதுகூடச் சரியில்லை. அவர்கள் மாலையில் வந்து, தலையில் கம்பிகள் ஒட்டிக்கொண்டு படுத்து, விடிந்ததும் போய்விடுவார்கள். நான் ஒன்பது மணிக்கு வரும்போது படுக்கை விரிப்புகூட மாற்றியாகியிருக்கும். எனக்கு மிச்சம் அந்த இரவின் அலைகள் மட்டும். அவை திரையில் வலமிருந்து இடமாக ஊர்ந்துகொண்டிருக்கும். முப்பது நொடிக்கு ஒரு துண்டு, ஓர் இரவுக்கு ஏறத்தாழ தொள்ளாயிரம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைக்க வேண்டும்: விழிப்பு, மேல்தூக்கம், நடுத்தூக்கம், ஆழ்தூக்கம், கனவு. எந்த நோயாளியின் முகமும் எனக்கு நினைவில்லை. ஆனால் அவர் எத்தனை மணிக்குக் கனவு கண்டார் என்பதைச் சொல்லிவிடுவேன். என்ன கண்டார் என்பது எந்தக் கம்பியிலும் வராது.

இப்படி மனிதர்கள் பெயர் வைத்துக் கொடுத்தால்தான் இயந்திரம் எதையும் கற்குமாம். பேராசிரியர் சொன்னார். ஆக, இந்தத் துறையில் எனக்குப் பதினாறு வருட அனுபவம். யாரும் சொல்லவில்லை.

அடுத்த மேசைக்காரரை எதிர்க்கட்சி என்றுதான் மனதுக்குள் அழைப்பேன். ஐம்பத்தெட்டு வயது. பத்து இரவில் ஓர் இரவை நாங்கள் இருவரும் தனித்தனியாகக் குறித்து, பிறகு ஒப்பிட்டுப் பார்ப்பது ஆய்வகத்தின் விதி.

"சார், இது தூக்கம்."

"இல்லம்மா. கண்ண மூடிக்கிட்டு மச்சினன நெனச்சுக்கிட்டு இருக்கான்."

மார்ச் 29, ஞாயிறு

இன்று என்ன நடந்தது என்று நினைவில்லை. நல்ல நாளாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

ஏப்ரல் 20, திங்கள்

மதிய இடைவேளையில் பாடம் பார்த்தேன். தன்னைத் தானே அழைத்துக்கொள்ளும் நிரல். எங்காவது ஓர் இடத்தில் 'போதும், நில்' என்று எழுதி வைக்காவிட்டால் அது அழைத்துக்கொண்டே போகுமாம்.

பிறகு ஒரு கனவு. ஓர் அறை. அறையில் திரை. திரையில் அலைகள் ஊர்கின்றன. யாருடைய அலை என்று பார்த்தால், ஒரு மேசையில் கன்னத்தைக் கையில் தாங்கி உறங்கும் பெண்ணுடையது. அவள் முன்னாலும் ஒரு திரை. அதிலும் அலைகள். அந்த அலைகளுக்குள் இன்னொரு மேசை. எல்லாம் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் மெல்ல ஆடிக்கொண்டிருந்தன. யாருக்கும் அவசரமில்லை. 'நில்' என்று எழுத மறந்துவிட்டோமே என்று எனக்கு லேசாகத் தோன்றியது. வருத்தமாக இல்லை.

கண் திறந்தபோது மணி இரண்டு இருபது. கன்னம் கையில், விரல் விசையில், அலைகள் திரையில். இரண்டு நிமிடம் அசந்திருப்பேன், அவ்வளவுதான்.

மே 8, வெள்ளி

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பேசுவதும் அப்படித்தான். பொத்தானை அழுத்தினால்தான் வருவார். இன்று அழுத்தாமலேயே வந்தார்.

"எத்தன மணிக்கு எந்திரிச்ச?"

"மூணரை."

"படுத்தது?"

"பன்னெண்டு இருக்கும்."

"லிஃப்டுக்கே மாசம் ஒரு நாள் ஓய்வு குடுக்கறோம்."

"லிஃப்டுக்குப் பரீட்சை இல்லைங்க."

"அதான் அது ஒழுங்கா மேல போகுது."

ஆய்வகத்தில் வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு துண்டுத்தாள் கொடுக்கிறோம். 'குறைந்தது ஏழு மணி நேரம் உறங்குங்கள்.' வாசகம் நான் எழுதியது. ஊருக்கு உபதேசம்.

ஜூன் 16, செவ்வாய்

திட்டப்பணிக்குத் தலைப்புக் கொடுத்துவிட்டேன்: தூக்க அலைகளுக்குப் பெயர் வைக்க இயந்திரத்துக்குக் கற்றுத்தருவது. ஆய்வகத்தின் பழைய பதிவுகளை, பெயர்களை நீக்கி, எண்களோடு மட்டும் பயன்படுத்திக்கொள்ள டாக்டர் அனுமதித்திருக்கிறார். இது தேறாவிட்டால் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாவிட்டால் ஜனவரியில் நான் எங்கே போவேன் என்று எனக்கே தெரியாது.

ஜூலை 7, செவ்வாய்

என் இயந்திரத்தின் முதல் தேர்வு. எந்தத் துண்டைக் காட்டினாலும் 'நடுத்தூக்கம்' என்கிறது. தூக்கத்தில் பாதி அதுதான் என்பதால், இந்த ஒரே பதிலை வைத்துக்கொண்டு நாற்பத்தெட்டு சதவீதம் வாங்கிவிட்டது. அரசியலுக்குப் போயிருக்க வேண்டியது.

ஜூலை 22, புதன்

இயந்திரத்தைக் குறைசொல்லும் முன், ஒரே இரவைப் பார்க்கும் இரண்டு மனிதர்கள் எவ்வளவு தூரம் ஒத்துப்போகிறார்கள் என்று அளந்து பாருங்கள் என்றார் பேராசிரியர். நியாயம். எதிர்க்கட்சியும் நானும் தனித்தனியாகக் குறித்த இரவுகளை எடுத்து மாதவாரியாக வரைந்தேன்.

போன வருடம் முழுக்க எண்பத்தைந்து, எண்பத்தாறு சதவீதம். இந்த பிப்ரவரியிலிருந்து எண்பத்தொன்று, எழுபத்தேழு, எழுபத்து நான்கு, எழுபத்தொன்று, எழுபது. படிக்கட்டு மாதிரி இறங்குகிறது.

பாவம், மனிதருக்கு வயதாகிறது. பக்குவமாகத்தான் சொல்ல வேண்டும். ஒரு டீ வாங்கிக்கொண்டு போனேன்.

"சார், கண்ணு டெஸ்ட் பண்ணிக்கிட்டீங்களா?"

"போன மாசந்தான். ஏம்மா?"

"சும்மா கேட்டேன்."

"டீ வாங்கிக் குடுத்துட்டு சும்மா கேக்கற ஆளா நீ?"

ஜூலை 24, வெள்ளி

பிப்ரவரி — நான் படிப்பில் சேர்ந்த மாதம்.

இன்று அதே எண்களை, நான் குறித்த நேரத்தை வைத்துப் பிரித்தேன். காலையில் நான் குறித்தவற்றில் எண்பத்தாறு சதவீதம் ஒத்துப்போகிறது. மதியம் இரண்டுக்கு மேல் ஐம்பத்தெட்டு. அந்தப் பக்கங்களைத் திறந்து பார்த்தேன். நடுத்தூக்கம், நடுத்தூக்கம், நடுத்தூக்கம். நாற்பது, ஐம்பது என்று வரிசையாக. நடுவில் யாரோ புரண்டு படுத்திருக்கிறார், இருமியிருக்கிறார், எழுந்து உட்கார்ந்தே இருந்திருக்கிறார். விரல் பாட்டுக்கு அதே விசையை அழுத்திக்கொண்டு போயிருக்கிறது.

இயந்திரம் அந்த ஒரே பதிலை யாரிடம் கற்றது என்று இனிக் கேட்க வேண்டியதில்லை.

நான்தான். ஐயோ, நானேதான். தூங்கறவங்களப் பாக்கற வேலைல உக்காந்து தூங்கியிருக்கேன். ரெண்டு நிமிஷம்னு நெனச்சேனே — எத்தன ரெண்டு நிமிஷம்?

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். மாதக் கட்டணம் கட்டினால் தெரிகிறது.

ஜூலை 25, சனி

விடுமுறை நாளில் ஆய்வகத்துக்குப் போனேன். பிப்ரவரியிலிருந்து மதியத்தில் நான் மட்டும் குறித்து அனுப்பிய அறிக்கைகள் நாற்பத்தொன்று. ஒவ்வொன்றாகத் திறந்து, ஒரே பெயர் வரிசையாக ஓடும் இடங்களை மட்டும் மறுபடி குறித்தேன். முப்பத்தொன்பதில் முடிவு மாறவில்லை. ஓர் ஆசிரியையின் அறிக்கை கொஞ்சம் மாறியது. அதனால் பெரிய கேடில்லை.

எண் 27.

தூக்கத்தில் மூச்சு எத்தனை முறை நின்றது என்பதைத் தூங்கிய மணி நேரத்தால் வகுப்போம். மணிக்குப் பதினைந்தைத் தாண்டினால் வியாதி. உடனே சிகிச்சை தர வேண்டும். இவருக்கு எண்பத்தொரு முறை நின்றிருக்கிறது. ஆறு மணி நேரம் தூங்கினார் என்று நான் எழுதியிருந்தேன். மணிக்குப் பதின்மூன்றரை, பயமில்லை. இன்று குறித்தபோது அவர் தூங்கியது ஐந்தேகால் மணி நேரம்தான். கணக்கு பதினைந்தைத் தாண்டிவிட்டது. விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதரை முக்கால் மணி நேரம் நான் தூங்கவைத்திருக்கிறேன். தொண்ணூறு துண்டுகள்.

அறிக்கைத் தேதி ஏப்ரல் 20. எண்ணை வைத்துப் பதிவேட்டைத் திறந்தேன். தொழில்: பேருந்து ஓட்டுநர்.

மூன்று மாதமாக ஓட்டிக்கொண்டிருக்கிறார். பின்னால் ஐம்பது பேரோடு.

ஜூலை 26, ஞாயிறு

வேறு வழியும் உண்டு. மதியப் பதிவுகளை மட்டும் திட்டப்பணியிலிருந்து எடுத்துவிடலாம். பாடத்தில் அதற்கு 'தரவைச் சுத்தம் செய்தல்' என்று மரியாதையான பெயரே இருக்கிறது. அழுக்கு யாருடையது என்று எழுத எந்தக் கட்டமும் கிடையாது. சொன்னால் அனுமதி போகும், திட்டப்பணி போகும், ஜனவரிக்கு முன்பே வேலையும் போகும். ஓட்டுநரை மட்டும் வேறு ஏதாவது சாக்கில் வரவழைத்து —

என்ன சாக்கு? யாரிடம் இந்த நடிப்பு?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டுத் தன் கதை ஒன்றைச் சொன்னார்.

"ஒரு தடவ லிஃப்ட் கயிறப் பாக்காமயே பாத்தேன்னு கையெழுத்துப் போட்டுட்டேன். பாதி வழில மனசு கேக்கல. திரும்பிப் போயி லிஃப்ட நிறுத்திட்டேன். பதினாலு மாடி ஜனமும் என்னத் திட்டிக்கிட்டே படி ஏறுச்சு."

"அப்புறம்?"

"கயிறு நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்ப வீணா நிறுத்துனீங்க."

"அன்னிக்கு ராத்திரி நல்லாத் தூங்கினேன்."

ஜூலை 27, திங்கள்

டாக்டர் என்னைவிடப் பத்து வயது இளையவர். அதனாலேயே சொல்வது கஷ்டமாக இருந்தது.

"எத்தன ரிப்போர்ட்?"

"நாப்பத்தொண்ணு டாக்டர்."

"இத யாரு கண்டுபிடிச்சது?"

"என் ப்ராஜெக்ட்."

"உங்க ப்ராஜெக்ட் உங்களையே கண்டுபிடிச்சிருக்கு."

"ஆமா டாக்டர்."

அவர் சிரிக்கவில்லை. உடனே ஓட்டுநருக்குப் போன் செய்தார். இனி நான் அறிக்கை எதிலும் கைவைக்கக் கூடாது. மாலை நேரத்தில் வந்து நோயாளிகளுக்குக் கம்பி ஒட்ட வேண்டும். திட்டப்பணிக்கான அனுமதி பற்றிப் பிறகு சொல்வதாகச் சொன்னார்.

நாற்பத்தொன்றையும் எதிர்க்கட்சியிடம் கொடுத்தார்கள். சாயங்காலம் என்னைத் தேடி வந்தார்.

"தொண்ணூறும் முழிப்புதாம்மா. நீ இப்ப சொல்றதும் நான் சொல்றதும் ஒண்ணாவே இருக்கு. எனக்கே ஒரு மாதிரியா இருக்கு."

ஜூலை 30, வியாழன்

ஓட்டுநர் வந்தார். வாசல் நிலையை நிறைக்கும் உடம்பு. சிகிச்சைக்கு மூச்சு முகமூடி. மறுபரிசோதனை தேறும்வரை வண்டி ஓட்டக் கூடாது. டாக்டர் அறையிலிருந்து நேராக என்னிடம் வந்தார்.

"நீங்க தூங்கினதுக்கு நான் வீட்டுல உக்காரணுமா?"

பதினாறு வருடத்தில் இவ்வளவு சுருக்கமாக யாரும் என்னை எடைபோட்டதில்லை.

"ஆமாங்க. தப்பு என்னோடதுதான்."

சண்டைக்குத் தயாராக வந்தவருக்கு அது ஏமாற்றம் போலிருந்தது. எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு, வேறு யாரிடமோ சொல்வதுபோல்:

"சிக்னல்ல நின்னா, பின்னாடி ஹாரன் அடிச்சாத்தான் பச்சை விழுந்ததே தெரியும். எல்லாருக்கும் அப்பிடித்தான்னு நெனச்சேன்."

ஆகஸ்ட் 19, புதன்

அனுமதி கிடைத்தது. ஒரு நிபந்தனை: அந்தப் படிக்கட்டு வரைபடமும் திட்டப்பணியில் இருக்க வேண்டும். டாக்டர் சொல்லாவிட்டாலும் சேர்த்திருப்பேன் என்று எழுத ஆசை. தெரியவில்லை.

இப்போது பத்து மணிக்குப் படுக்கிறேன். ஒரே சமயத்தில் ஒரே பாடம். பேராசிரியரை அவருடைய சொந்த வேகத்திலேயே கேட்கிறேன். நடுநடுவே யோசிக்கிறார் மனிதர். இதுவரை அதை வெட்டி எறிந்திருக்கிறேன்.

செப்டம்பர் 23, புதன்

அறுபத்திரண்டு மதிப்பெண். தேர்ச்சி. மதிப்பிட்டவரின் குறிப்பு: 'இயந்திர மாதிரி சுமார். பெயர் வைத்தவரின் தரம் மாதந்தோறும் சரிவதைக் காட்டும் படம் நன்று. அந்த நபரைத் தொடர்புகொண்டு காரணம் கேட்டிருக்கலாம்.'

அக்டோபர் 15, வியாழன்

மறுபரிசோதனைக்கு ஓட்டுநர் வந்திருந்தார். கம்பி ஒட்டும் முறை என்னுடையது. ஒருவர் தலையில் இருபது கம்பி ஒட்டும்வரை அவர் அசைய முடியாது. நான் ஓடவும் முடியாது.

"ஒண்ணு சொல்லணும். பத்து வருஷமா எனக்குக் கனவே வந்ததில்ல. இந்த முகமூடி போட்டதுலேர்ந்து தெனமும் வருது."

"என்ன கனவு?"

கேட்ட பிறகுதான் தோன்றியது, இதை நான் யாரிடமும் கேட்டதே இல்லை என்று.

"பஸ்ஸ ஓட்டறேன். ரோடு இல்ல, தண்ணி. சும்மா மெதக்குது. ஸ்டாப்பு வருது, நிக்கறேன், ஒருத்தரும் எறங்க மாட்டேங்கறாங்க. எல்லாரும் ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டே இருக்காங்க. எனக்கும் சொல்லத் தோணல."

"அப்புறம்?"

"அவ்ளோதான். காலைல எந்திரிச்சுப் பல்லு வெளக்கினேன்."

நெற்றியில் கடைசிக் கம்பியை ஒட்டினேன். கை கொஞ்சம் மெதுவாகத்தான் போனது.

அக்டோபர் 16, வெள்ளி

எதிர்க்கட்சி குறித்து முடித்துவிட்டார். மூச்சு நின்றது மணிக்கு நான்கு முறை. ஓட்டலாம்.

டிசம்பர் 3, வியாழன்

கடைசித் தேர்வு. மையம் நகரத்தின் அந்தக் கோடியில். ஆறு கேள்வியில் ஐந்துக்கு விடை தெரிந்தது. ஆறாவதற்கு அழகாக எழுதிவைத்தேன்.

வெளியே வந்து, முதலில் வந்த பேருந்தில் ஏறினேன். ஓட்டுநர் இருக்கையில் அவர். கண்ணாடியில் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். மாலை வெயில் ஒவ்வொரு ஜன்னலாக மாறிக்கொண்டு வந்தது. இடமிருந்தும் சிலர் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு சிக்னலில் பச்சை விழுந்தது. விழுந்த அதே நொடி வண்டி நகர்ந்தது. அதுவரைதான் பார்த்தேன்.

கண் திறந்தபோது இன்ஜின் ஓயவில்லை, ஆனால் வண்டியில் யாருமில்லை. வெளியே வரிசையாகப் பேருந்துகள். முனையம். என் நிறுத்தம் ஒன்பது நிறுத்தத்துக்கு முன்னாலேயே போயிருக்கிறது. அவர் இருக்கையில் திரும்பி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"எழுப்பியிருக்கலாமே."

"நான் ஓட்டற வண்டில நீங்க தூங்கறீங்க. எப்பிடி எழுப்பறது?"

"எவ்ளோ நேரம் தூங்கினேன்?"

"எனக்கென்ன தெரியும். அது உங்க வேலை." டீயை முடித்துவிட்டு டம்ளரை ஓரமாக வைத்தார். "உக்காருங்க. இதே வண்டிதான் திரும்பிப் போவுது. வழில எறக்கி விடறேன்."

உட்கார்ந்தேன். இரண்டாவது நிறுத்தம் வரை நினைவிருக்கிறது.