வெள்ளிப் பானையில் புதைத்த செப்புத்தகடு குறித்துக் கீழைமலைக் கோட்டத்துக்கு விடுத்த ஓலை

மழை தவறாது பெய்க. மழையோடு வரும் நெருப்பை மண் மறுக்காமல் வாங்கிக்கொள்க. கொண்டல் நாட்டு வீடுகளில் உறங்கச் செல்வோர் யாவரும் விடியலில் எழுக.

ஏழ்குன்றமும் அவற்றின் அருவிகளும் தம் குடைக்கீழ் அடங்க, மழைமுடி மாநகரில் வீற்றிருந்தருளும் கோமகனார் திருநெடுங்கோ பெருமானின் ஆணைவழி, அவர்தம் பேரமைச்சரும் நாடெங்கும் சேதிக்கம்பி இழுப்பித்தவருமான காரி நெடுமையனார் விடுக்கும் ஓலை. கீழைமலைக் கோட்டத்துத் தலைவரும், எல்லைப் போரில் புறங்காட்டாதவரும், அரசர் அருளால் ‘மொழிகாத்தார்’ என்னும் பட்டம் பெற்றவரும், மேற்படி பேரமைச்சரின் மகளை மணந்தமையால் அவருக்கு மருமகனாருமாகிய விடங்கன் ஏனாதியார், தம் குடியும் கொடியும் நலமுற இருந்து இதனைக் காண்க. தங்கள் களஞ்சியம் நிறைக. தங்கள் குதிரைகள் கொழுக்க. தங்கள் மாளிகைக் கூரை நிலைக்க. கடைசி வாழ்த்தை இன்னொரு முறையும் எழுதும்படி அமைச்சர் சொன்னார். ஓலையில் இடம் இல்லை என்று சொல்லி இதை எழுதும் ஓலைநாயகம் தவிர்த்துவிட்டான்.

அரச ஓலையில் அனுப்புவோர் தம்மை ‘நான்’ என்று சொல்லிக்கொள்வதில்லை. ஒருவருடைய சொந்த நோவு அரச முத்திரையின் கீழ் ஊர்ப்பயணம் போகலாகாது என்பது நம் பழைய ஒழுங்கு. ஆகையால் அமைச்சர் சொன்னவை யாவும் வேறு எவருக்கோ நேர்ந்ததைப் போலவே இங்கு எழுதப்படுகின்றன. எழுதுகிறவனுக்கு அது எளிதாக இருக்கவில்லை என்பதை மட்டும் தாங்கள் அறிந்திருப்பது நல்லது.

இவ்வோலை தங்கள் அவையில் எல்லோரும் கேட்க உரக்கப் படிக்கப்பட வேண்டும் என்பது ஆணை. கம்பி இல்லாத வீட்டாரும் அங்கே இருப்பார்கள். ஆதலால் தாங்கள் அறிந்ததையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அரண்மனையில் புளிநீர்ச் சாடிகள் வரிசையாக வைக்கப்பட்டுள்ளன. அவற்றில் பிறக்கும் மெல்லிய விசை செம்புக் கம்பி வழியே மலையும் காடும் கடந்து ஓடிக் கோட்டத்தலைவர்களின் மாளிகைக்குள் நுழைந்து, அங்கே எழுத்துகள் வட்டமாகப் பொறித்த பலகையில் ஓர் ஊசியைத் திருப்புகிறது. ஊசி காட்டும் எழுத்துகளைச் சேர்த்தால் அது அரசர் மொழி. எவர் வீட்டுக்குக் கம்பி போகிறதோ அவருக்கே பேரவையில் இருக்கை. தலைவர் குனிந்து பலகையைப் பார்ப்பது இழுக்கு என்பதால் ஊசியின் பொறுப்பு வீட்டுத் தலைவியுடையது. அந்த வழக்கப்படியே அமைச்சரின் மகள் இளவேண்மாள், தங்கள் மாளிகைக்கு வாழ வந்த நாள்முதல் பலகையின் முன் அமர்ந்தாள்.

அரசு காரியங்கள் ஓய்ந்தபின், விளக்கேற்றும் வேளையில் அவள் தன் பக்கத்து ஊசியைக் கையால் திருப்பி, அதே கம்பி வழியே தன் தந்தையிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பாள். உண்டீர்களா என்பதே அது. அமைச்சர் உண்டிருந்தாலும் உண்ணாவிட்டாலும் உண்டேன் என்பார். கோட்டத்தலைவர் மனைவி, கணவர் ஆளும்வரை எல்லை தாண்டிப் பிறந்த வீடு வரலாகாது என்று இந்த நாட்டில் ஒரு சட்டம் இருப்பதால், அவளுக்கும் அவருக்கும் இடையே மிச்சம் இருந்தது அந்தக் கேள்வியும் பதிலும்தான். அரசருக்கும் இது தெரியும். அவர் தெரியாதவர்போல இருந்தார்.

இனி நெருப்பின் காரியம். வெட்டவெளியில் ஓடும் கம்பியின் மேல் மின்னல் விழ வேண்டும் என்பதில்லை. பக்கத்து மரத்தில் விழுந்தாலே போதும், கம்பியில் வெள்ளம் புரண்டுவிடுகிறது. அந்த வெள்ளம் மண்ணைத் தேடி இரு பக்கமும் ஓடும். வழியில் மண் கிடைக்காவிட்டால் வீட்டுக்குள் புகுந்து, பலகையைப் பிளந்து, பலகையில் கை வைத்திருப்பவர் உடல் வழியே இறங்கும். மேலைக்கோட்டத்தில் ஒரு வீடு முழுதும் எரிந்ததும், வடவாயிலில் ஒரு தலைவி இறந்ததும் தாங்கள் அறிந்தவையே.

அதன்பின் அமைச்சர் வகுத்த முறை இது. கம்பி வீட்டுக்குள் நுழையும் இடத்தில், சுவரின் வெளிப்புறம், இரண்டு செப்புப் பற்களை மயிரிழை இடைவெளி விட்டு எதிரெதிரே நிறுத்த வேண்டும். ஒரு பல் கம்பியோடு சேர வேண்டும். மற்றொரு பல்லிலிருந்து தடித்த செப்புப் பட்டை, வளைவு நெளிவு இல்லாமல் நேரே இறங்கி, எந்நாளும் ஈரம் காயாத நிலத்தில் ஆழப் புதைத்த தகட்டில் முடிய வேண்டும். கூரையின் இடிதாங்கியும் அதே தகட்டில்தான் சேர வேண்டும். இரண்டும் தனித்தனியே நின்றால் நெருப்பு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வீட்டின் ஊடே தாவும். இத்தனையும் செய்தபின்னும், முதல் இடியோசை கேட்டவுடன் பலகையிலிருந்து கம்பியைக் கழற்றிவிட வேண்டும். அரசர் மொழி மென்மையானது, அது அந்த இடைவெளியைத் தாண்டாது. வானத்து நெருப்பு தாண்டும், தாண்டி மண்ணுக்குப் போய்விடும்.

இதைக் கேட்டுப் பேரவை கொதித்தெழுந்தது. அரசர் ஓலை தரையில் பட்டால் தூதன் பட்டினி கிடந்து தீட்டுக் கழிக்கும் நாடு இது. அரசர் மொழி ஓடும் கம்பியை மண்ணில் புதைப்பதா என்று மூத்தவர்கள் எழுந்து நின்று கேட்டார்கள். மண்ணுக்குப் போவது மொழி அன்று, நெருப்பு என்று அமைச்சர் தொண்டை வற்றச் சொன்னார். பாதிப்பேருக்குப் புரிந்தது, புரிந்தும் ஒப்பவில்லை. கடைசியில் அரசர் முத்திரை இட்டார். எல்லாக் கோட்டங்களுக்கும் பட்டையும் தகடும் போயின.

தாங்கள் ஆணையை மீறவில்லை. அப்படி மீறியிருந்தால் இந்த ஓலை எழுதுவது எவ்வளவோ எளிதாக இருந்திருக்கும். மண்ணில் புதைக்க வேண்டும் என்றது ஆணை. தாங்களும் மண்ணில்தான் புதைத்தீர்கள். கால் படும் மண் அரசர் மொழிக்கு ஆகாது என்று, ஆற்று மணலைச் சலித்துக் கழுவி வெயிலில் உலர்த்தி, அதை வெள்ளிப் பானையில் நிரப்பி, பானையை முற்றத்தில் கருங்கல் பீடத்தின்மேல் ஏற்றி, தகட்டை அதனுள் வைத்தீர்கள். நாள்தோறும் பூச்சூட்டினீர்கள். சோதிக்க வந்த கண்காணி தங்கள் விருந்தை உண்டு, பானையை வலம் வந்து கும்பிட்டு, தகடு மண்ணில் இருக்கக் கண்டேன் என்று எழுதிக் கொடுத்தான். அவன் எழுதியதில் ஒரு சொல்லும் பொய் இல்லை என்பதால் அவனைத் தண்டிக்கவும் வழி இல்லாமல் போயிற்று.

பானையின் செய்தியை இளவேண்மாள்தான் ஒரு மாலை ஊசி வழியே சொன்னாள். அமைச்சர் அன்றே தங்களுக்கு எழுதினார். பானைக்குள் இருக்கும் மண் பானையோடு முடிந்துவிடுகிறது, நெருப்புக்கு வேண்டியது முடிவில்லாத மண், அதிலும் ஈர மண் என்றார். மாட்டுத் தொட்டியின் கழிநீர் ஓடும் பள்ளமே தங்கள் மாளிகையில் அதற்கு ஏற்ற இடம் என்றும் சொன்னார். தாங்கள் மறுமொழி விடுத்தீர்கள். அமைச்சர் முதுமையால் தளர்ந்துள்ளார் போலும் என்றும், அரசர் மொழியைச் சாணத்தில் வைக்கச் சொல்லும் ஓலை மெய்யாகவே அவரிடமிருந்துதான் வந்ததா என்று ஐயுறுவதாகவும் அதில் இருந்தது. அந்த மறுமொழியின் படியை அரசருக்கும் அனுப்பினீர்கள். அரசர் மகிழ்ந்துபோனார்.

மகிழ்ந்ததன் விளைவே தங்கள் பட்டம். ஐப்பசி மழை கனத்த ஒரு பிற்பகலில் அந்தப் பட்டம் கம்பி வழியே வந்தது. இளவேண்மாள் ஊசியைப் பார்த்து எழுத்தெழுத்தாகச் சொல்ல, தாங்கள் பட்டுடுத்திப் பின்னால் நின்றீர்கள். தொலைவில் இடி கேட்டது. கம்பியைக் கழற்றவா என்று அவள் கேட்டாள். அரசர் தங்களை வாழ்த்திக்கொண்டிருக்கையில் பாதியில் அவர் வாயை மூடுவதா என்று தாங்கள் தடுத்தீர்கள். கடைசி எழுத்துக்கு முன் மின்னல் மலைச்சரிவில் இறங்கியது. பட்டையைத் தேடி வந்த நெருப்பு பானையோடு வழி அடைபட்டுக் கிடப்பதைக் கண்டு திரும்பி, வீட்டுக்குள் போயிற்று.

இளவேண்மாள் பிழைத்தாள். அவளுடைய வலக்கை முழங்கை வரை கருகிற்று. அந்தக் கை இனி ஒரு கவளத்தையும் எடுக்காது என்று மருத்துவர் எழுதியிருக்கிறார். தாங்களும் அரசருக்கு எழுதினீர்கள். அந்த ஓலையை அவையில் படித்தவன் இதை எழுதும் ஓலைநாயகம். வானமே இறங்கிவந்து சோதித்த பின்னும் வெள்ளிப் பானையில் ஒரு கீறலும் விழவில்லை, இஃது அரசர் மொழியின் மாட்சி என்று அதில் கண்டிருந்தது. மனைவியின் கையைப் பற்றி ஓலையின் அடியில் ஒரு வரி இருந்தது. பானையில் கீறல் விழாததன் காரணம், நெருப்பு அதன் வழியே போகவில்லை என்பதுதான். அது எவர் வழியே போயிற்று என்பதை அவையில் இருந்த எவரும் கேட்கவில்லை. அமைச்சர் எழுந்து வெளியே போய்விட்டார்.

பிறகு அவர் அரசரைத் தனியே கண்டு, தகட்டைச் சேற்றில் புதைக்கும்படி தங்களுக்குக் கடும் ஆணை விடுக்க வேண்டினார். அரசர், “நெடுமையரே, அவன் என் மொழியை வெள்ளியில் வைக்கிறான். நீர் அதைச் சேற்றில் வைக்கச் சொல்கிறீர். இதில் நான் யாரைக் கடிந்துகொள்வது?” என்றார். அமைச்சர் இந்த நாட்டுக்காக நரைத்தவர். அன்று முதல்முறையாக, இவ்வளவு காலமும் யாருக்காக நரைத்தோம் என்று தமக்குத் தோன்றியதாகச் சொன்னார். அரசர் இரங்கி ஒன்றை மட்டும் கொடுத்தார். கம்பி இழுத்தவர் என்ற முறையில், எந்த வீட்டுக்குக் கம்பி போகலாம், எதற்குப் போகலாகாது என்பதை அமைச்சரே முடிவு செய்துகொள்ளலாம். அந்த உரிமையின்படியே இவ்வோலை எழுதப்படுகிறது.

ஏனெனில் அடுத்த மழைக்காலம் வந்துகொண்டிருக்கிறது. பானை பீடத்தில்தான் இருக்கிறது. பலகை புதிதாகச் செய்யப்பட்டுவிட்டது. அதன்முன் இளவேண்மாள் மீண்டும் அமர்ந்திருக்கிறாள், இடக்கையால் ஊசியைத் திருப்புகிறாள். தலைவி உயிரோடிருக்க வேறொருவர் அமரலாகாது என்பது தங்கள் வீட்டு முறையாம். அவள் எழுத்துகள் இப்போது தயங்கித் தயங்கி வருகின்றன. உண்டீர்களா என்று கேட்டு முடிக்க முன்னைவிட நேரமாகிறது.

கம்பியை வெட்டினால் அவள் உயிர் நிற்கும். அந்தக் கேள்வி நின்றுபோகும். வேறு வழி தேடி அமைச்சர் பல நாள் உழன்றார். பிறகு ஒரு மாலை அவளிடமே கேட்டார். பதில் வருவதற்குள் விளக்கில் எண்ணெய் தீர்ந்து இன்னொருமுறை ஊற்றினார்கள். “வெட்டச் சொல்லுங்கள் அப்பா. ஆனால் ஓலை வந்த அன்றே வேண்டாம், மறுநாள் வெட்டட்டும்,” என்றாள். இப்படிச் சொன்னமைக்காக அவளைத் தாங்கள் ஒரு சுடுசொல் சொன்னாலும் அது அரசகுற்றமாகக் கொள்ளப்படும்.

ஆகவே ஆணை யாதெனில்: இவ்வோலையோடு வரும் கம்பியாட்கள் அன்று தங்கள் வாயிலில் தங்குவார்கள். மறுநாள் விடிந்ததும், தங்கள் மதிலுக்கு வெளியே கடைசிக் கம்பத்தில் கம்பியை வெட்டி, அதன் நுனியை அங்கேயே ஈரமண்ணில் புதைப்பார்கள். அந்நாள்முதல் பேரவையில் தங்கள் இருக்கை வெறுமையாக இருக்கும். தங்கள் பட்டத்தை எவரும் பறிக்கவில்லை, அதைத் தாங்களே சூடிக்கொண்டு மாளிகையில் இருக்கலாம். மாட்டுத் தொட்டியின் பள்ளத்தில் தகடு இறங்கியது என்று என்றைக்கு இளவேண்மாள் தன் இடக்கையால் எழுதிய ஓலை வருகிறதோ, அன்றைக்குக் கம்பி மீண்டும் இணைக்கப்படும். தாங்கள் எழுதும் ஓலை அதற்குப் போதாது.

கம்பியாட்கள் வந்து தங்கும் அந்த ஒரு மாலை, விளக்கேற்றும் வேளையில், அவள் பலகையின் முன் அமர்வதை எவரும் தடுக்கலாகாது. தாங்கள் அவ்வறையில் இருத்தலும் ஆகாது.

ஆயினும், அன்று கீழ்வானில் கார் திரண்டாலோ, எத்தனை தொலைவிலாயினும் இடி கேட்டாலோ, கம்பியாட்கள் விடியலுக்குக் காத்திருக்க வேண்டாம். விளக்கேற்றும் வேளைக்கும் காத்திருக்க வேண்டாம். அவள் ஊசியில் கை வைத்துத் தந்தையிடம் கேட்டுக்கொண்டிருந்தாலும், கேள்வி பாதியில் இருந்தாலும், அவளைக் கேளாமல் அக்கணமே வெட்டக் கடவர்.

இதற்குக் கோமகனார் முத்திரையே சான்று. இது காரி நெடுமையன் வாய்மொழி. எழுதினேன், திருமந்திர ஓலைநாயகம் தத்தன் மாதேவன்.